வண்டி

சான்றிதழ் வேண்டுமென்றால் நாலாயிரத்து நூறு.
பாடம் மட்டும் என்றால் இலவசம்.
இரண்டாவதை அழுத்தினேன்.

நண்டுக் கம்பெனியில் எடை எழுதுகிறவள் நான்.
ஓடு உடைத்துச் சதை எடுக்கும் நாற்பது பெண்கள்
கிராம் கிராமாக என் நோட்டில் இருக்கிறார்கள்.
எண்ணத் தெரியும் என்ற திமிரில்
தொற்றுநோயியல் படிக்க உட்கார்ந்தேன்,
நள்ளிரவில், அன்றைய ஒன்றரை ஜிபி ஊறியதும்.
மொட்டைமாடியின் கிழக்கு மூலையில் நின்றால்
"இலங்கைக்கு வரவேற்கிறோம்" என்று செய்தி வரும்.
மேற்கே நாலு எட்டு வைத்தால் பாடம் வரும்.

எந்த ஊர் டீச்சரோ,
கையை விரித்து விரித்துப் பேசுவாள்.
கீழே தானாக ஓடும் தமிழ் எழுத்து.
கிருமி தங்கும் உடம்பை
"விருந்து கொடுப்பவர்" என்றது.
நோய் சுமப்பவரைக் "கேரியர்" என்றது.
மூன்றடுக்குச் சோற்றுக் கேரியர்
கண்முன் வந்து நின்றது எனக்கு.
இரண்டாம் வாரக் கடைசியில் சொன்னது:
நோய் ஏறி வரும் வண்டியைக் கண்டுபிடியுங்கள்.

தேர் நிலைக்கு வந்த மறுநாள்
தங்கச்சிமடத்தில் எங்கள் தெரு முழுக்க வயிற்றால் போனது.
ஆஸ்பத்திரி வராந்தாவில்
பாட்டிலுக்குக் கம்பி போதாமல்
சன்னலில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.
நண்டு நோட்டின் பின்பக்கத்தில் கேட்டு எழுதினேன்.
இருபத்துமூன்று பேர்.
இருபத்துமூன்று பேரும் குடித்தது
குடம் பத்து ரூபாய்க்குக் கூரி கொண்டுவரும்
டிராக்டர் தண்ணீர்.

வண்டி!

தலைவரிடம் நோட்டைக் காட்டினேன்.
அன்று சாயங்காலமே
கூரியின் டிராக்டரை மறித்தார்கள்.
அவன் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.
குழாயைத் திறந்து ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு
வண்டியைத் திருப்பினான்.

மூன்றாம் வாரப் பாடம்
இரண்டு நாள் கழித்துத்தான் திறந்தது.
முதல் கேள்வி:
நோய் வராதவர்களைக் கேட்டீர்களா?

கேட்கவில்லையே.
நல்லாயிருக்கிறவர்களிடம் போய்
ஏன் நல்லாயிருக்கிறீர்கள் என்று யார் கேட்பார்கள்?

போய்க் கேட்டேன். முப்பத்துநாலு பேர்.
சிரித்தார்கள். சகாய விஜிலா மட்டும்
"எங்களையும் படுக்கப் போடப் பாக்குறியா" என்றாள்.
முப்பத்துநாலில் முப்பத்தொரு பேர்
அதே டிராக்டர் தண்ணீர்.
பின்னே, வேறு தண்ணீர் எங்கே இருக்கிறது இங்கே?

நாலு கட்டம் போட்டேன்.
படுத்தவர், படுக்காதவர்.
குடித்தவர், குடிக்காதவர்.
தண்ணீரை அழித்துவிட்டு ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தேன்.
நேர்ச்சைச் சோறு, இறால் வடை, பஞ்சுமிட்டாய்.
கடைசியில் நன்னாரி சர்பத்.
படுத்தவர் இருபத்துமூன்றில் இருபத்தொன்று.
படுக்காதவர் முப்பத்துநாலில் நாலு.
அந்த நாலில் ஒருவன்
சர்பத் விற்ற என் கொழுந்தன் ஜெரோன்.

ஐஸ் எங்கே வாங்கினே என்றேன்.
படகுக்கு ஏற்றும் ஐஸ்.
கோணிச் சாக்கில் இழுத்து, தரையில் போட்டு உடைத்தது.
எங்கள் கம்பெனி ஐஸ்.
நான் எடை போட்டுச் சீட்டுக் கிழித்த ஐஸ்.
சீட்டில் என் கையெழுத்து இருந்தது.

சுகாதார ஆய்வாளர் நோட்டை வெகுநேரம் புரட்டினார்.
"எங்கம்மா படிச்சீங்க?"
"இலவசமா வந்தது சார்."
மிக்சியும் கிரைண்டரும் வந்த மாதிரி
இதுவும் ஏதோ திட்டம் என்று நினைத்திருப்பார்.

ஜெரோன் வீட்டுக்கு வருவதில்லை இப்போது.
முதலாளி என்ன செய்வார் என்று
சனிக்கிழமை சம்பளத்தன்று தெரியும்.

நாலாம் வாரம் திறந்து கிடக்கிறது.
கெடு முடிந்துவிட்டது,
பரவாயில்லை, தள்ளி வைத்திருக்கிறோம் என்கிறது.
இவ்வளவு பொறுமையாக
என்னிடம் யாரும் பேசியதில்லை.

நோட்டை மூட முடியவில்லை.
பிறகு இன்னும் மூன்று பேர் படுத்தார்கள்.
மூன்று பேரும் திருவிழாப் பக்கமே போகாதவர்கள்.
சர்பத் இல்லை, வடை இல்லை.
வண்டி வராத அந்த இரண்டு நாளில்
மணலில் ஊற்றுத் தோண்டிச்
சிரட்டையால் மொண்டு குடித்தவர்கள்.

மூன்றாவது பெயர் கனிதா, வயது ஆறு.
அப்பா பெயர்: கூரி.

காரணம் என்ற இடத்தில்
என்ன எழுதுவது என்று
எந்த வாரத்துப் பாடத்திலும் இல்லை.
பேனாவை எடுத்து
என் பெயரை எழுதினேன்.
காலையில் அவன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.